நொடிக்கு முப்பது முறை

மார்ச் 4

தம்பிக்கு,

ஆறு வருஷம் கழித்து எழுதும் கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. நீ நலமாகத்தான் இருப்பாய். விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடிநீர் அலுவலகத்தின் வரைபடப் பிரிவுக்கு எட்டு மாதம் முன்பு புதிய மானிட்டர் வந்தது. நாற்பத்து மூன்று அங்குலம். சாப்பாட்டு மேஜையை நிமிர்த்தி வைத்தது போல என் முன்னால் நிற்கிறது. இடது பக்கம் பழைய சின்ன மானிட்டரில் பழைய தாள்களின் ஸ்கேன். அதைப் பார்த்துத் தெருக்களுக்கு அடியில் ஓடும் குழாய்களைப் பெரியதில் வரைகிறேன். இருபத்திரண்டு வருஷமாக இதுதான் வேலை.

பெரிய மானிட்டர் வந்ததிலிருந்து மவுஸின் அம்புக்குறி என் கைக்குப் பின்னால் வருகிறது. நிறுத்திய இடத்தில் நிற்பதில்லை. ஜனவரியில் நான் வரைந்த ஒரு தாளில் குழாய் மூன்று மில்லிமீட்டர் தள்ளிப்போனது. தாளில் மூன்று மில்லிமீட்டர் என்றால் தெருவில் ஒன்றரை மீட்டர். தோண்டியவர்கள் பெரிய குழாயை வெட்டிவிட்டார்கள். ஒரு பேக்கரியின் கீழ்த்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். யாருக்கும் அடிபடவில்லை.

எங்கள் பிரிவுத் தலைவர் எதையும் அளக்காமல் நம்பமாட்டார், அளந்த பிறகும் நம்பமாட்டார். நாங்கள் அவரை அளவுகோல் என்போம். ஆவணக் கிடங்குக்கு மாற்றல் கேட்கும் படிவத்தை என் மேஜையில் வைத்தார். "அவசரமில்லைம்மா, ஏப்ரல் கடைசிக்குள்ள கையெழுத்துப் போட்டா போதும்" என்றார்.

திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு நல்லதாகப் போட்டால் சரியாகும் என்று கணினிக் கடைக்காரர் சொல்கிறார். எந்தக் கார்டு, எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்று உனக்குத் தெரியும். எனக்குத் தெரிய வேண்டியது இன்னொன்று. இது கார்டா, கையா? அப்பாவின் கையில் அந்த நோய் எப்படித் தொடங்கியது என்று யோசித்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன்.

அலுவலக மின்னஞ்சலை அளவுகோல் படிப்பார். போனில் நீளமாகத் தட்டச்சு செய்ய விரல் ஒத்துழைப்பதில்லை. உன்னோடு பேசும் நிலைக்கு நான் இன்னும் வரவில்லை. ஆகவே தபால்.

அக்கா


மார்ச் 10

அக்காவுக்கு,

உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் யாரோ இறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு, நம் வீட்டில் இறப்பதற்கு மிச்சம் இருப்பது நாம் இரண்டு பேர்தான் என்று ஞாபகம் வந்தது. கொஞ்சம் நிம்மதியாகப் பிரித்தேன்.

இங்கே பன்னிரண்டு மாடிக் காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு, நான் ஒண்ணுமே பண்ணல" என்று சொல்லாமல் யாரும் என்னிடம் வந்ததில்லை. கணினி சரியில்லை என்றதும் தன் கையைச் சந்தேகப்பட்ட முதல் ஆள் நீ.

கார்டு பற்றிச் சொல்வதற்கு முன் இரண்டு சோதனை. முதலாவது, வரையும் பக்கத்தை இடது பக்கத்துச் சின்ன மானிட்டருக்கு இழுத்து வைத்து, அங்கே ஒரு குழாய் வரை. கை இரண்டு திரைக்கும் ஒன்றுதான். கையில் கோளாறு என்றால் அங்கேயும் தெரிய வேண்டும். இரண்டாவது, கணினியின் திரை அமைப்புகளுக்குள் போனால் ஒவ்வொரு மானிட்டரும் நொடிக்கு எத்தனை முறை படத்தைப் புதுப்பிக்கிறது என்று ஒரு எண் இருக்கும். இரண்டையும் எழுதி அனுப்பு. கணினிப் பெட்டி எவ்வளவு தடிமன் என்றும் அளந்து சொல். அளவுகோலிடமே கேட்டால் சந்தோஷப்படுவார்.

வேறு சில விஷயங்களும் எழுத நினைத்தேன். எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை.

தம்பி


மார்ச் 17

தம்பிக்கு,

சின்ன மானிட்டரில் கோடு நேராகப் போகிறது. நான்கு முறை வரைந்தேன். நான்கு முறையும் நான் நிறுத்திய இடத்தில் நின்றது.

சின்னதில் எண் அறுபது. பெரியதில் முப்பது. பெட்டியின் தடிமன் ஒன்பதரை சென்டிமீட்டர்.

நீ சொல்வதற்கு முன்னால் எனக்கே புரிந்துவிட்டது. நொடிக்கு முப்பது முறைதான் படம் மாறுகிறது என்றால், என் கை போய்ச் சேர்ந்த பிறகுதான் அது எனக்குத் தெரிகிறது. எட்டு மாதமாகப் பழைய செய்தியைப் பார்த்துக் குழாய் வரைந்திருக்கிறேன்.

இதற்குள் அலுவலகத்தின் வழக்கமான கடைக்காரர் ஒரு கார்டோடு வந்தார். செங்கல் அளவு, மூன்று விசிறி, உள்ளே கலர் விளக்கு. "இதுல எந்த கேம் வேணும்னாலும் ஓடும் மேடம்" என்றார். குழாய் ஓடுமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை, விலைப்பட்டியலைப் பார்த்தார். அது பெட்டிக்குள் நுழையாதாம், ஆகவே புதுப் பெட்டி. மின்சாரம் போதாதாம், ஆகவே அதற்கும் ஒன்று. அளவுகோல் தலையாட்டிக்கொண்டே இருந்தார். சீக்கிரம் எழுது, இல்லையென்றால் எனக்குப் புது மேஜையும் வந்துவிடும்.

இதை நன்றிக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஆறு வருஷம் முன்பு ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டரிடம் நீ சொன்னது காதிலேயே இருக்கிறது. "ஒரு வருஷமாவே அப்பா எழுத்து சின்னதாகிட்டே வந்துச்சு டாக்டர், நான் கவனிச்சேன்." ஒரு வருஷம்! மாதாமாதம் அவர் உனக்குத்தான் கடிதம் எழுதினார். அதே வீட்டில் இருந்த நான் அவர் எழுத்தைப் பார்த்ததே இல்லை. நான் பார்த்ததெல்லாம் சட்டைப் பொத்தானை அரைமணி நேரம் தடவிக்கொண்டிருக்கும் ஒரு மனுஷனை. "என்னப்பா இவ்வளவு சோம்பேறித்தனம்" என்று தினமும் திட்டினேன். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நோய் நின்றிருக்காது. நான் திட்டாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான்.

அக்கா


மார்ச் 23

அக்காவுக்கு,

முதலில் கார்டு. அதை ஒழுங்காக எழுத வரும்.

உன் பெரிய மானிட்டர், கணினியின் தாய்ப்பலகையில், அதாவது மதர்போர்டில், இருக்கும் பழைய ஒயர் ஓட்டையில் மாட்டியிருக்கிறது. அந்த ஓட்டையால் அவ்வளவு பெரிய படத்தை நொடிக்கு முப்பது முறைக்கு மேல் அனுப்ப முடியாது. உனக்கு விளையாட்டுக் கார்டு வேண்டாம். குழாய்கள் குதிப்பதும் இல்லை, சுடுவதும் இல்லை. நான்கு விஷயம் பார்த்தால் போதும். உன் மானிட்டரின் முழு அளவுப் படத்தை அறுபது முறை அனுப்புகிறதா? இரண்டு மானிட்டருக்கும் தனித்தனி ஓட்டை இருக்கிறதா? உன் ஒல்லிப் பெட்டிக்கு ஏற்ற அரை உயரக் கார்டா? தனியாக மின் ஒயர் கேட்காததா? விசிறியே இல்லாததாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, சத்தம் வராது, தூசியும் கம்மி. நான்கு ஜிபி நினைவகம் உன் வேலைக்குத் தாராளம். போன வருஷத்து மாடலாக இருந்தால் பரவாயில்லை. இப்படிப்பட்ட கார்டு கடையின் முன்னால் இருக்காது, பின்வரிசையில் தூசி படிந்த பெட்டியில் இருக்கும். மானிட்டர் விலையில் ஆறில் ஒரு பங்குகூட ஆகாது. கடைக்காரர் முகம் சுளித்தால் சரியான கார்டைக் கேட்டிருக்கிறாய் என்று அர்த்தம். ஒயரும் புதிதாக வாங்கு. இரண்டு மாடல்களின் பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவது, அப்பா விஷயம். வயசாகிறது, அதனால் எழுத்து சின்னதாகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் உண்மையாகிவிடும் என்று பயந்தேன். கணினியில் எச்சரிக்கை வந்தால் அதை மூடிவிட்டு வேலையைப் பார்க்கிறவர்களைத் தினமும் கேலி செய்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

தம்பி


ஏப்ரல் 20

தம்பிக்கு,

நீ சொன்ன கார்டை வாங்கிவிட்டோம். அதற்கு மூன்று வாரம் ஆனது. குறிப்பிட்ட விலைக்குக் கீழே உள்ள பொருளுக்குக் கொள்முதல் குழு கூடத் தேவையில்லை என்பது விதி. கூடத் தேவையில்லை என்று முடிவெடுக்கக் குழு கூடியது. கடைக்காரர் காட்டக் கொண்டுவந்த கார்டு கைக்குக் கை மாறியது. குழுவில் மூத்தவர் அதை உள்ளங்கையில் வைத்து, "இவ்வளவு சின்னதா இருக்கே, இது எப்படி அவ்வளவு பெரிய மானிட்டரைத் தாங்கும்?" என்றார். கார்டு மானிட்டரைத் தூக்கிப் பிடிக்கப் போகிறது என்று நினைத்திருக்கலாம். விலை இவ்வளவு குறைவாக இருப்பது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு குறிப்பும் வந்தது. பத்து மடங்கு விலைக்கு யாரும் விளக்கம் கேட்டிருக்கமாட்டார்கள்.

வியாழக்கிழமை எங்கள் அலுவலக ஸ்டோர்காரர் வந்தார், பெட்டியைத் திறந்தார், கார்டைச் செருகினார், திருகினார், "முடிஞ்சுது மேடம்" என்று போய்விட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.

அம்புக்குறி பின்னால்தான் வருகிறது.

அந்த எண்ணைப் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமையும் வரைந்தேன். சின்ன மானிட்டரில் அன்றைக்குக் கோடு நேராகப் போனது தற்செயலாக இருக்கலாம். அன்று காலை நன்றாகத் தூங்கி எழுந்திருந்தேன். அப்பாவுக்கும் நல்ல நாட்கள் இருந்தன.

மாற்றல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். முப்பதாம் தேதி கொடுப்பேன். ஆவணக் கிடங்கு தரைத்தளத்தில், ஜன்னல் இல்லாத இடம். அங்கே ரப்பர் முத்திரை குத்த வேண்டும், அவ்வளவுதான். முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்தால் யார் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வராது.

உன் மேல் தவறில்லை. நீ கார்டைச் சரியாகத்தான் சொல்லியிருப்பாய்.

அக்கா


ஏப்ரல் 23
(கூரியரில்)

அக்கா,

படிவத்தைக் கொடுக்காதே. கணினியின் பின்பக்கம் போய்ப் பார். பெரிய மானிட்டரின் ஒயர் எங்கே மாட்டியிருக்கிறது? மேலே, முன்பிருந்த பழைய ஓட்டையிலேயா? அப்படியென்றால் புதுக் கார்டு உள்ளே சும்மா உட்கார்ந்திருக்கிறது. கீழே குறுக்குவாட்டில் புதிதாக ஓட்டைகள் இருக்கும், அதுதான் கார்டு. புது ஒயரை எடுத்து அங்கே மாட்டு. இரண்டு மானிட்டரையும். பிறகு அமைப்புகளுக்குள் போய் முப்பதை அறுபதாக்கு.

எங்கள் நாலாவது மாடியில் ஒருவர் இப்படியே ஒன்றரை வருஷம் இருந்தார். கார்டு நல்ல கார்டு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

பழைய ஓட்டையில்தான் இருந்தது.

புது ஒயர் பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் மேஜைக்கு அடியில் கிடந்தது. ஸ்டோர்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "கார்டு போடச் சொன்னீங்க, போட்டேன். ஒயரை மாத்தணும்னு வேலைச் சீட்டுல எழுதலையே?" என்றார். சீட்டை வாங்கிப் பார்த்தேன். எழுதவில்லை.

மேஜைக்கு அடியில் நானே படுத்து மாட்டினேன். ஐம்பத்து நான்கு வயசில் செய்யக்கூடிய காரியம் அல்ல. எண்ணை அறுபதாக்கினேன். அம்புக்குறியை நகர்த்தினேன். தம்பி, அது கையோடு வருகிறது! ஒரு முழுத் தெருவை வரைந்தேன். இரண்டு வளைவு, ஒரு சந்திப்பு. அளவுகோல் பின்னால் வந்து நின்று நிஜமாகவே அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்தார். அளந்துவிட்டு, "ம்" என்றார். பதினொரு வருஷத்தில் அவரிடமிருந்து நான் வாங்கிய பெரிய பாராட்டு அதுதான்.

படிவத்தை நான்காகக் கிழித்தேன். பிறகு எட்டாக.

இத்தனை மாதம் காலையில் பல் தேய்க்கும்போதுகூடக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டம்ளரைப் பிடிக்கும்போது பார்ப்பேன். சாவியைத் துவாரத்தில் விடும்போது பார்ப்பேன். இனிமேல் பார்க்க வேண்டாம். கார்டுதான். கை அல்ல.

இதை நன்றிக் கடிதம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா


மே 5

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே ஒரு பதில் எழுதினேன். வாழ்த்து, ஸ்டோர்காரர் பற்றி இரண்டு கிண்டல், தூசியை எப்படித் துடைப்பது என்று ஒரு குறிப்பு. நல்ல கடிதம். உறையில் போட்டு, முகவரி எழுதி, மூன்று நாள் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தேன். தபால் பெட்டி தினமும் போகிற வழியில்தான் இருக்கிறது. இன்று காலை அதைக் கிழித்துவிட்டேன்.

உன் நான்கு கடிதங்களையும் மேஜையில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மேல்வரியையும் அடிவரியையும் அளந்தேன். மேலே உன் எழுத்து நான்கு மில்லிமீட்டர். அடியில் இரண்டு. புதுப் பக்கத்தில் மறுபடி நான்கில் தொடங்குகிறது, மறுபடி இரண்டுக்கு இறங்குகிறது. ஏப்ரல் 20 கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படிக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே வைத்துப் பார்த்தேன். மன வருத்தத்தில் எழுதியது, அதனால்தான் என்று வைத்துக்கொண்டேன். போன வாரம் வந்தது நீ சந்தோஷமாக எழுதிய கடிதம். அதுவும் அப்படித்தான் இருக்கிறது.

அம்புக்குறி பின்தங்கியது முழுக்கக் கார்டால்தான். அதில் நான் சொன்னது சரி. ஆனால் பேனாவுக்கும் காகிதத்துக்கும் நடுவில் எந்தக் கார்டும் இல்லை.

நான் டாக்டர் இல்லை. கணினிக்கு வைத்தியம் பார்க்கிறவன். அது வேறு எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அப்பாவின் கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றையும் எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நீ இப்போதுதான் உன் கையைப் பார்ப்பதை நிறுத்தினாய். இதை எழுதுவதற்குப் பதில் எதையும் செய்திருப்பேன். அக்கா, நரம்பு டாக்டரிடம் போ. தள்ளிப்போடாதே.

தம்பி


மே 27

அக்கா,

மூன்று வாரமாகப் பதில் இல்லை. நீ திட்டி எழுதினாலும் வாங்கிக்கொள்கிறேன். எழுதாவிட்டாலும் பரவாயில்லை, டாக்டரிடம் போனால் போதும். நான் சொன்னது தப்பாகப் போனால் வாழ்நாள் முழுக்க என்னைக் கேலி செய்துகொள். அந்த வாய்ப்பை உனக்குக் கொடுக்க நான் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொள்ளாத குறைதான்.

தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

உன் மே 5 கடிதத்தை மேஜை இழுப்பறைக்குள் வைத்து, தானாகத் திறந்துகொண்டு வெளியே வந்துவிடும் என்பது போல, மேலே ஸ்டேப்ளரையும் வைத்தேன். பத்து நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். ஆறு வருஷம் முன்பு சொல்லவில்லை என்று கோபம், இப்போது சொன்னாய் என்று கோபம். இரண்டையும் ஒரே ஆள் மேல் வைத்துக்கொள்வது கஷ்டமாக இருந்தது. பதினோராவது நாள் டாக்டரிடம் தேதி வாங்கினேன்.

அவர் என்னிடம் ஒரே வாக்கியத்தைப் பத்து முறை எழுதச் சொன்னார். "நேத்து ராத்திரி நல்லாத் தூங்கினேன்" என்று எழுதினேன், அது பொய். பத்தாவது வரி எறும்புகள் போல இருந்தது. நத்தைக் கூடு போல ஒரு சுழி வரையச் சொன்னார். தாழ்வாரத்தில் நடக்கச் சொன்னார். நடக்கும்போது என் வலது கை வீசவில்லையாம். யாரும் சொன்னதில்லை, எனக்கும் தெரியாது. தன் கை வீசுகிறதா என்று யார் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள்?

அப்பாவுக்கு வந்த அதே நரம்பு நோய்தான். ஆரம்ப நிலை. மருந்து அதை நிறுத்தாது, ஆனால் கையைப் பல வருஷம் வேலை செய்ய விடும் என்கிறார். இரண்டு வாரமாகச் சாப்பிடுகிறேன். இந்தப் பக்கத்தை நீ அளந்து பார்ப்பாய். அளந்துகொள்.

அளவுகோலிடம் நானே போய்ச் சொன்னேன். மறைத்து வைக்கலாம் என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். அந்தப் பேக்கரி ஞாபகம் வந்தது. ஜனவரித் தாளில் கார்டுக்கு எத்தனை மில்லிமீட்டர், கைக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். "மாற்றல் படிவம் இன்னொண்ணு இருக்கும்மா" என்றார்.

"வேண்டாம் சார். நான் வரையறேன். நான் வரையற ஒவ்வொரு தாளையும் இன்னொருத்தர் பார்க்கட்டும். என்னைக்கு என் தப்பு எண்ணிக்கை கூடுதோ அன்னைக்கு நானே கேட்டு வாங்கிக்கறேன்."

"அப்படி விதி இல்லையே."

"ஜனவரில இருந்திருந்தா ஒரு பேக்கரி தப்பிச்சிருக்கும்."

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. பிரிவில் யார் தாள் வரைந்தாலும் இன்னொருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். யார் வரைந்தாலும் என்பதற்குக் கீழே கோடு. அவர் வரையும் தாள்களும் அதில் சேர்த்தி. என் பெயர் எங்கேயும் இல்லை. அந்த மனுஷனை நான் கொஞ்சம் தப்பாக அளந்துவிட்டேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று தனியாக எழுதப்போவதில்லை. அந்த ஒரு வருஷம் அப்படியேதான் இருக்கிறது, நான் அப்பாவைத் திட்டியதும் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் வாழ்த்துக் கடிதத்தைக் கிழித்தாயே, அது எனக்குத் தெரிகிறது. ஆகஸ்டில் விடுப்பு கிடைத்தால் வந்துவிட்டுப் போ. மாடியில் அறை காலியாகத்தான் இருக்கிறது.

நேற்று சரிபார்த்த முதல் தாள் திரும்பி வந்தது. எதிர் மேஜைக்காரர் சிவப்பு மையில் ஒரே ஒரு வட்டம் போட்டிருந்தார். கோடு கோடாகப் பார்த்தேன். எல்லாக் கோடுகளும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. முனையில் ஒரு வால்வை வரையவே மறந்துவிட்டேன். "என்ன மேடம், இதைக்கூடக் கவனிக்க மாட்டீங்களா?" என்றார். அவர் என் கையைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துத்தான் திட்டினார். மன்னிப்புக் கேட்டுவிட்டு, உட்கார்ந்து அந்த வால்வை வரைந்து கொடுத்தேன்.

அக்கா